காலடி மண்ணில் வாழும் கதிர்ப்பூஞ்சைகள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற அறிவியல் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இவ்வேளையில், அறிவியல் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்; ஆனால் அது நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும்" என்றார்கள். உயிரியல் ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஆகவே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாக் கூட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். அக்கூட்டத்திற்கு ஆக்டினோபாக்டீரியா என்று பெயர். பழைய நூல்கள் அவற்றை ஆக்டினோமைசீட்டுகள் என்று குறிப்பிடும். கதிர்ப்பூஞ்சைகள் என்று தமிழில் சொல்லலாம். அப்பெயர் பிழையானது என்பதனை இன்னும் சற்று நேரத்தில் காண்பீர்கள். அந்தப் பிழையின் கதையே என் உரையின் உட்பொருள்.

என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெரியப்பா சிறந்த உழைப்பாளி. மதுரை மாவட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் வரப்பு வெட்டவும், முள்வேலி அடைக்கவும் அவரைத்தான் முதலில் அழைப்பார்கள். செருப்பு அணிந்து வயலில் இறங்கும் வழக்கம் அந்நாளில் எவருக்கும் இல்லை. எங்கள் மக்களோ செருப்பு அணிந்து ஊர்த்தெருவில் நடப்பதற்கே அஞ்ச வேண்டியிருந்தது. ஒருமுறை வேலி அடைக்கும்போது அவருடைய வலக்காலில் கருவேல முள் ஏறிற்று. முள்ளை எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சில மாதங்களில் அவ்விடத்தில் ஒரு வீக்கம் தோன்றியது. வலி இல்லை, ஆதலால் எவரும் பொருட்படுத்தவில்லை. ஈராண்டில் பாதம் முழுவதும் தடித்தது. யானைக்கால் என்றார்கள் ஊரார். பிறகு பாதத்தில் சிறு சிறு துளைகள் விழுந்தன. அவற்றின் வழியே நீர் கசிந்தது. அந்த நீரோடு ரவையைப் போன்ற வெண்ணிறக் குருணைகள் வந்தன. என் தாயார் வெந்நீரில் புண்ணைக் கழுவித் துடைக்கும்போது அக்குருணைகள் துணியில் ஒட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். 1968-ஆம் ஆண்டில், எனக்கு எட்டு வயதாக இருக்கையில், ஒரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே அவருடைய காலை அகற்றிவிட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆயினும் அந்த வெண்குருணையை எடுத்து நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

பின்னர்க் கல்லூரியில் பாடம் படிக்கும்போது, ஒரு பக்கத்தில் அந்தக் குருணையின் படத்தைக் கண்டு திடுக்கிட்டேன். அது பூஞ்சையா, பாக்டீரியாவா என்னும் ஒரே கேள்வியைப் பொறுத்து மருத்துவம் மாறும் என்று அப்பக்கத்தில் எழுதியிருந்தது. அன்று முதல் இக்கூட்டத்தின் வரலாற்றை விடாமல் படித்து வருகிறேன்.

பெயர் வந்த வரலாறு

மாடுகளுக்குத் தாடை வீங்கிக் கல்போல் கெட்டியாகும் ஒரு நோய் உண்டு. 1877-ஆம் ஆண்டில் ஹார்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் சீழில் காணப்பட்ட மணிகளை நுண்நோக்கியில் ஆராய்ந்தார். நடுவிலிருந்து நாற்புறமும் கதிர்களைப் போல இழைகள் பரவியிருந்தன. ஆகவே கதிர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் பூஞ்சை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் இணைத்து ஆக்டினோமைசிஸ் என்று பெயரிட்டார். கிளைவிட்டுப் பரவும் இழைகளைக் கண்டவர் அதனைப் பூஞ்சை என்று கருதியதில் வியப்பில்லை. ரொட்டியில் படரும் பூஞ்சையும் அவ்வாறுதானே வளர்கிறது?

இவ்வுயிர்கள் பூஞ்சைகளா, பாக்டீரியாக்களா என்னும் வழக்கு எழுபது எண்பது ஆண்டுகள் நீடித்தது. இரண்டிற்கும் இடைப்பட்டவை என்று சமரசம் பேசியவர்களும் உண்டு. இறுதியில் வழக்கைத் தீர்த்தவை சான்றுகளே. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, இழையின் தடிப்பு. இவ்வுயிர்களின் இழை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புடையது. பூஞ்சையின் இழையோ இதைப்போல் பல மடங்கு தடித்தது. இரண்டாவது, பூஞ்சையின் உயிரணுவில் உட்கரு உண்டு, இவற்றில் இல்லை. மூன்றாவது, பூஞ்சையின் சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. இவற்றின் சுவரோ ஏனைய பாக்டீரியாக்களின் சுவரைப் போன்று பெப்டிடோகிளைக்கன் என்னும் பொருளால் ஆனது. நான்காவது, பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரசுகள் இவற்றையும் தாக்குகின்றன. ஐந்தாவது, பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் இவற்றைக் கொல்கின்றன. பூஞ்சைகளைக் கொல்லும் மருந்துகளுக்கு இவை அசைவதில்லை.

ஆகவே இவை பாக்டீரியாக்களே என்பது உறுதியாயிற்று. ஆயினும் பூஞ்சை என்னும் பொருளுடைய சொல் அவற்றின் பெயரில் நிலைத்துவிட்டது. ஒருமுறை இட்ட பெயர் எளிதில் போவதில்லை. பெயரைக் கண்டு மயங்காமல் உள்ளே இருப்பதனை ஆராய்ந்து அறிவதே அறிவியலின் முதற்பாடம்.

உறவுமுறை

இக்கூட்டத்தை அறிஞர்கள் எவ்வாறு வகைப்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். தொடக்கத்தில் உருவத்தை மட்டும் கண்டு வகுத்தார்கள்: இழை எப்படிக் கிளைக்கிறது, வித்துகள் சங்கிலியாக வருகின்றனவா, நிறம் யாது என்பன. 1943-இல் வாக்ஸ்மன், ஹென்ரிசி என்னும் இருவர் மண்ணில் மிகுதியாக வாழும் ஒரு பிரிவுக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பேரினப் பெயர் சூட்டினர். அதன்பின் மருந்து தேடும் போட்டி எழுந்தது. மண்ணிலிருந்து எடுத்த ஒவ்வொரு வகைக்கும் நிறுவனங்கள் புதுப்பெயர் இட்டு உரிமம் கோரின. நாற்பது அளவில் இருந்த இனப்பெயர்கள் மூவாயிரம் வரை பெருகின. நிறம் சற்று மாறினாலும் தனி இனம் என்றார்கள். 1960-களில் பன்னாட்டு அறிஞர்கள் கூடி, ஒரே வகையான உணவில் ஒரே முறையில் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்து, அக்குழப்பத்தைக் குறைத்தனர். இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன.

பின்னர், உயிரணுச் சுவரில் எவ்வகை அமினோ அமிலம் உள்ளது, எவ்வகைச் சர்க்கரை உள்ளது என்று வேதியியல் முறையில் ஆராயும் வழியை லெச்செவாலியர் தம்பதியர் வகுத்தனர். 1977-இல் கார்ல் வோஸ் என்னும் அமெரிக்க அறிஞர், எல்லா உயிர்களிலும் காணப்படும் ரிபோசோம் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறினை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையைக் கணிக்கலாம் என்று காட்டினார். அவ்வழியில் 1997-இல் ஆக்டினோபாக்டீரியா என்னும் வகுப்பு வரையறுக்கப்பட்டது. 2021-இல் அப்பெருந்தொகுதிக்கு ஆக்டினோமைசீட்டோட்டா என்ற முறையான பெயர் அளிக்கப்பட்டது.

உருவத்தை நம்பியதனால் நேர்ந்த பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வெப்பமான எருவிலும், பூசணம் பிடித்த கரும்புச் சக்கையிலும் வாழும் தெர்மோஆக்டினோமைசிஸ் என்ற உயிர் ஒன்று உண்டு. கரும்புச் சக்கைத் தூசியை நாளெல்லாம் சுவாசிக்கும் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வருவதற்கு இத்தகைய உயிர்களே காரணம். இழையாக வளர்வதனால் இதனையும் கதிர்ப்பூஞ்சைகளோடு நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் அதன் வித்து கொதிநீரையும் தாங்கும். மண்ணில் வாழும் பாசில்லஸ் என்னும் கோலுருப் பாக்டீரியாக்களின் வித்தும் அத்தகையதே. ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டபோது அது பாசில்லசின் உறவு என்பது தெளிவாயிற்று. தோற்றம் ஒன்றாயிருந்தும் உறவு வேறாயிற்று.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. காசநோயை உண்டாக்கும் கிருமி குட்டையான கோல் வடிவுடையது. தொழுநோய்க் கிருமியும் அவ்வாறே. மண்ணில் இழை இழையாகப் படரும் ஸ்ட்ரெப்டோமைசிசுக்கும் அவற்றிற்கும் பார்வையில் ஒற்றுமை இல்லை. ஆயினும் அவை ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. தொண்டை அடைப்பான் நோய்க் கிருமியும் அத்தொகுதியே. தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் குடலில் பெருகி வாழும் பிஃபிடோபாக்டீரியமும் அத்தொகுதியே. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத சில சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. அவை இந்தப் பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. தாய் தன் பிள்ளைக்கு ஊட்டும்போது, அப்பிள்ளையின் குடலைக் காக்கும் உயிர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்!

கொல்பவையும், காப்பவையும், மருந்து தருபவையும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. ஆகவே ஓர் உயிர் எந்தக் கூட்டத்தில் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் பயனை முடிவு செய்துவிட முடியாது.

மண்ணில் அவற்றின் வாழ்க்கை

கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையை நாம் அனைவரும் அறிவோம். அந்த மணத்தின் பெரும்பங்கு இக்கூட்டத்தினுடையது. அதற்குக் காரணமான பொருளை 1965-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து, 'மண் மணம்' என்னும் பொருள்பட ஜியோஸ்மின் என்று பெயரிட்டனர். காற்றில் மிகமிகச் சிறிதளவே கலந்திருந்தாலும் மனித மூக்கு அதனை உணரும்.

இம்மணம் எதற்காக? அதற்கு 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. மண்ணில் வாலால் எம்பிக் குதிக்கும் எள்ளினும் சிறிய பூச்சிகள் உண்டு. ஜியோஸ்மின் மணம் அப்பூச்சிகளை ஈர்க்கிறது. அவை வந்து ஸ்ட்ரெப்டோமைசிசை உண்கின்றன. உண்ணும்போது வித்துகள் அவற்றின் உடலில் ஒட்டிக்கொள்கின்றன, எச்சத்தோடும் வெளியேறுகின்றன. இவ்வாறு வித்துகள் புதிய இடங்களை அடைகின்றன. மலர் மணத்தால் வண்டை அழைப்பது போன்றதே இது.

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கதிர்ப்பூஞ்சைகள் இருக்கும். இவை புளித்த மண்ணை விரும்புவதில்லை. நடுநிலையான மண்ணிலும் சற்றுக் காரத்தன்மையுள்ள மண்ணிலும் செழிக்கின்றன. வறட்சியை வித்து வடிவில் தாங்கிக் கிடக்கின்றன. பாலைவனத்திலும் கடலடிச் சேற்றிலும் இவற்றைக் கண்டெடுத்துள்ளனர்.

இவற்றின் தலையாய பணி மட்கச் செய்தல். வைக்கோலில் உள்ள செல்லுலோசையும், பூச்சிகளின் ஓட்டிலும் பூஞ்சையின் சுவரிலும் உள்ள கைட்டினையும், பிற உயிர்கள் எளிதில் தொட இயலாத கடினப் பொருள்களையும் இவை சிதைக்கின்றன. எருக்குழியைக் கிளறும்போது ஆவி பறப்பதையும், அதனுள் சாம்பல் தூவினாற்போல் வெண்மை படர்ந்திருப்பதையும் கண்டிருப்பீர்கள். அறுபது பாகை செல்சியஸ் வெப்பத்திலும் வேலை செய்யும் கதிர்ப்பூஞ்சைகள் அந்த வெண்மையில் உள்ளன. எரு மட்கியது என்பதனை மூக்கால் அறியும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அறிவது இவற்றின் மணத்தையே.

சவுக்குத் தோப்பில் வேலை செய்தவர்கள் இங்கு இருக்கலாம். கடற்கரையின் வெறும் மணலில் சவுக்கு எவ்வாறு வளர்கிறது? அதன் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சுகள் இருக்கும். அம்முடிச்சுக்குள் ஃபிராங்கியா என்னும் கதிர்ப்பூஞ்சை வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு உரமாக மாற்றித் தருகிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. 1886-இல் பெயரிடப்பட்ட இவ்வுயிரைத் தனியே பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி ஸ்ட்ரெப்டோமைசிசின் வாழ்க்கைச் சுற்றைக் கேளுங்கள். வித்து முளைத்து, இழையாகி, கிளைத்து, உணவுக்குள் வேர்போல் இறங்குகிறது. உணவு குறையத் தொடங்கியதும் அவ்விழைகளில் ஒரு பகுதி தன்னைத்தானே சிதைத்துக்கொள்கிறது. அந்தச் சத்தினைக் கொண்டு காற்றை நோக்கிப் புதிய இழைகள் எழுகின்றன; அவற்றின் நுனியில் வித்துகள் சங்கிலியாக உண்டாகின்றன. தன்னைச் சிதைத்துத் தன் வித்துகளுக்கு உணவாக்கும் அந்த நேரத்தில் அயல் உயிர்கள் வந்து அச்சத்தைச் சூறையாடக் கூடும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இவ்வுயிர் பிற பாக்டீரியாக்களைத் தடுக்கும் நச்சுப்பொருள்களைச் சுரக்கிறது. தன் நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க வேண்டிய காப்பும் அதனிடமே உண்டு. 2002-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்னும் இனத்தின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, அதில் ஏறத்தாழ 7,800 மரபணுக்கள் காணப்பட்டன. நம் குடலில் வாழும் ஈ. கோலையில் உள்ளவை ஏறத்தாழ 4,300. மண்ணில் வாழ்வது எளிதன்று என்பதற்கு இதுவே சான்று.

மருந்து பிறந்த மண்

அந்த நச்சுப்பொருள்களே நமக்கு மருந்துகளாயின. அந்த வரலாற்றில் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் ஆல்பர்ட் ஷாட்ஸ்.

ஷாட்ஸ் ஓர் ஏழை உழவர் குடும்பத்துப் பிள்ளை. உழவுக்குப் பயன்படும் என்று மண்ணியல் படித்தவர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வாக்ஸ்மனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் பெனிசிலின் பல கிருமிகளை அடக்கிற்று. காசநோய்க் கிருமியிடம் அதன் ஆற்றல் செல்லவில்லை. காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகு போன்ற பொருளால் மூடப்பட்டது. அது பெருகுவதும் மிக மெதுவாக. ஷாட்ஸ் கட்டடத்தின் நிலவறையில் தனித்திருந்து அக்கொடிய கிருமியோடு வேலை செய்தார். எருவிட்ட வயல் மண்ணிலிருந்தும், ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் பெற்ற ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் உயிரிலிருந்து, 1943 அக்டோபர் 19-ஆம் நாள் புதிய பொருள் ஒன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அதுவே ஸ்ட்ரெப்டோமைசின்.

பிரிட்டனில் 107 காசநோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. முதல் ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் நால்வர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் பதினால்வர். 1948-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆயினும் அதே ஆய்வு மற்றோர் எச்சரிக்கையையும் தந்தது. ஒரே மருந்தைத் தனியே கொடுத்தால் கிருமி அதனை எதிர்க்கப் பழகிவிடுகிறது. இன்று காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இதுவே.

கண்டுபிடிப்பின் புகழ் முழுவதும் பேராசிரியரையே சேர்ந்தது. மருந்தின் உரிமைப் பணத்தில் பேராசிரியருக்குப் பங்கு கிடைத்ததை ஷாட்ஸ் பின்னரே அறிந்தார். 1950-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் அவரும் உடன் கண்டுபிடித்தவர் என்று சட்டப்படி ஏற்கப்பட்டது. பணத்தில் பங்கும் கிடைத்தது. ஆனால் 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் அளிக்கப்பட்டது. ஆசிரியர் மீது வழக்குத் தொடுத்தவன் என்று ஷாட்சுக்குப் பல ஆய்வுக்கூடங்களின் கதவுகள் மூடின. 1994-இல், அவருடைய முதுமையில், அதே பல்கலைக்கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கிப் பெருமை செய்தது. வாக்ஸ்மனின் அறிவு சிறியதென்று நான் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்னும் வழியை வகுத்தவர் அவரே. ஆயினும், உழைத்தவன் தன் குறிப்பேட்டில் நாளும் கிழமையும் எழுதி வைத்திருந்ததனால்தான் அவன் பெயர் பிழைத்தது என்பதனை மாணவர்கள் மறக்கலாகாது.

அதன்பின் மண் அள்ளித் தந்தவை பல. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், குளோரம்பெனிகால், எரித்ரோமைசின், கானமைசின், வான்கோமைசின் ஆகியவை எல்லாம் இக்கூட்டத்தின் கொடையே. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் பூஞ்சை நோய்களுக்கு நிஸ்டாடினை இதே கூட்டத்திலிருந்து 1950-இல் கண்டனர். ஜப்பானில் சதோஷி ஒமுரா எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து அவெர்மெக்டின் பிறந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோர மக்களின் பார்வையைப் பறித்த புழு நோயை அடக்க அதிலிருந்து உண்டாக்கிய ஐவர்மெக்டின் உதவிற்று. 2015-இல் அவருக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் நோபல் பரிசு கிட்டியது. பிரான்சு நாட்டு மண்ணில் கிடைத்த மற்றொரு கதிர்ப்பூஞ்சையிலிருந்து ரிஃபாமைசின் வந்தது. அதிலிருந்து உருவாக்கப்பட்ட ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் இன்றளவும் முதன்மையான மருந்தாகும். தன் கூட்டத்துக் கொடிய கிருமிகள் இரண்டையும் அக்கூட்டமே அடக்குகிறது!

தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். அது முற்பிறப்பின் பயனன்று, பரம்பரைக் குறையன்று, ஒரு பாக்டீரியா என்பது அன்றே தெரிந்துவிட்டது. மருந்துண்டால் முற்றிலும் குணமாகும் நோய் அது. அந்நோய் கண்டவரை ஒதுக்கி வைக்கும் மனப்பான்மைக்குத்தான் இன்னும் மருந்து முழுமையாகச் சென்று சேரவில்லை.

மதுரையின் பெயர்

இப்போது என் பெரியப்பாவின் காலுக்குத் திரும்புகிறேன்.

அவருக்கு வந்த நோய் யானைக்கால் அன்று. 1842-ஆம் ஆண்டிலேயே மதுரையில் இருந்த கில் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயை விவரித்திருக்கிறார். அதனால் உலக மருத்துவ நூல்களில் இதற்கு 'மதுரைக் கால்' என்று பெயர். பிறகு பம்பாயில் பணியாற்றிய வாண்டைக் கார்ட்டர் என்பவர், பூஞ்சைக் கட்டி என்னும் பொருளில் மைசெட்டோமா என்று பெயரிட்டார். 1894-இல் பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட், இந்நோயை உண்டாக்கும் உயிர்களுள் ஒன்றைத் தனியே வளர்த்துக் காட்டினார். அதற்கு இனப்பெயராக மதுரையின் பெயரே சூட்டப்பட்டது. அவ்வுயிர் பல பேரினங்களில் மாறி மாறி வைக்கப்பட்டு, இறுதியில் 1970-இல் சுவரின் வேதியியலைக் கொண்டு ஆக்டினோமதுரா என்னும் தனிப் பேரினத்தில் அமர்ந்தது. அதன் முழுப்பெயர் ஆக்டினோமதுரா மதுரே. நம் ஊரின் பெயர் உலகப் பாக்டீரியா நூலில் இருமுறை ஒலிக்கிறது. வெறுங்காலோடு உழைத்த மக்களின் புண்ணால் வந்த பெயர் அது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

இங்கேதான் வகைப்பாடு உயிர்ப்பிரச்சினை ஆகிறது. மதுரைக் கால் இருவகைப்படும். ஒன்று, மெய்யான பூஞ்சைகளால் வருவது. மற்றொன்று, ஆக்டினோமதுரா, நொகார்டியா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்களால் வருவது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: வலியற்ற வீக்கம், துளைகள், குருணைகள். கருநிறக் குருணை வந்தால் அது பூஞ்சை எனலாம். செந்நிறக் குருணை பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. வெண்மையும் மஞ்சளும் இருபாலும் வரக்கூடும். நுண்நோக்கியில் வைத்து இழையின் தடிப்பைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல இயலும். நூறாண்டுகளுக்கு முன் அறிஞர்கள் வாதிட்ட அதே தடிப்புத்தான்!

பூஞ்சையாயின் பூஞ்சை மருந்தை நெடுங்காலம் உண்ண வேண்டும்; பெரும்பாலும் அறுவை மருத்துவமும் தேவைப்படும். பாக்டீரியாவாயின், பாக்டீரியா மருந்துகளை முறையாகப் பல மாதங்கள் கொடுத்துப் பெரும்பாலோரைக் காலை இழக்காமலே குணப்படுத்தலாம். அவற்றுள் ஒன்றான அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் தரும் கானமைசினிலிருந்து உருவாக்கப்பட்டது. முள்ளோடு காலில் ஏறிய உயிரின் உறவினமே அதற்கு மருந்து தருகிறது.

என் பெரியப்பாவின் வெண்குருணை எவ்வகையைச் சேர்ந்தது? எனக்குத் தெரியாது, இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. பாக்டீரியாவாக இருந்து, தொடக்கத்திலேயே சென்றிருந்தால், கால் தப்பியிருக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதே நம் நாட்டில் கிடைத்தது. பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு எங்கள் குடும்பத்தில் படித்தவர் எவருமில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்கத் துணிந்தவரும் இல்லை. 2016-ஆம் ஆண்டில்தான் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுந்தானா என்பதனை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த இளைஞர்களே! கேட்டதோடு நில்லாமல் சிலவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

வயலிலும் முட்காட்டிலும் செருப்பின்றி இறங்காதீர்கள். பெற்றோரையும் இறங்க விடாதீர்கள். முள் தைத்த இடத்தைச் சவுக்காரமிட்டுக் கழுவுங்கள். வலியில்லாத வீக்கம் பல வாரங்கள் நீடித்தால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். துளையும் குருணையும் கண்டால் பெரிய மருத்துவமனைக்குச் சென்று, 'இது பூஞ்சையா, பாக்டீரியாவா?' என்று மருத்துவரிடம் பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். சோதனை செய்யச் சொல்லுங்கள்.

இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசமாகவே தரப்படுகிறது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது என்று நிறுத்தாதீர்கள். மெதுவாகப் பெருகும் கிருமி மெதுவாகவே சாகும். நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்திற்கு ஆபத்து என்று அஞ்சி விரட்டாதீர்கள். வீட்டிலிருந்து முறையாக மருந்துண்பவரும் மருத்துவ விடுதியில் இருப்பவரைப் போன்றே குணமடைகிறார் என்பதனையும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதனையும் உலகுக்கு மெய்ப்பித்த ஆய்வு 1950-களின் பிற்பகுதியில் நம் சென்னையில், ஏழை எளியோரின் குடியிருப்புகளில்தான் நடைபெற்றது.

மாணவ மாணவியரே! கையில் மண் ஒட்டியதைக் குறையாக எண்ணாதீர்கள். அந்த மண்ணில் உலகம் இன்னும் பெயரிடாத உயிர்கள் உள்ளன. அவற்றுக்குப் பெயரிடும் கைகளுள் உங்கள் கையும் ஒன்றாக இருக்கட்டும். நுண்ணுயிரியல் படியுங்கள், ஆய்வுக்கூட நுட்பம் பயிலுங்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு ஒரு நுண்நோக்கி வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையை இம்மேடையிலேயே அளிக்கிறேன்.

என் பெரியப்பா கால் போனபின் திண்ணையில் அமர்ந்து கூடை முடைந்தார். அந்தக் கூடை விற்ற காசில்தான் என் முதல் நோட்டுப் புத்தகம் வந்தது. அவருக்குப் பார்க்கக் கிடைக்காத நுண்நோக்கியில் நம் பிள்ளைகள் பார்க்கட்டும்.